ஆணியைத் தாழ்த்தி அடித்தவர்

வெலிமடையில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு அந்தச் செய்தி பதுளை பஸ் கண்டக்டரின் கையில் வந்து சேர்ந்தது. நான் முன்பு வேலை செய்த பதுளை அச்சகத்து மெஷின்காரர் வேலு அண்ணன், வெட்டி எஞ்சிய தாள் துண்டொன்றில் பென்சிலால் எழுதியிருந்தார்: "மஃரூப் நானா காலையில் மௌத்து. பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." பின்னேர வகுப்பில் பாடம் வாசித்துக்கொண்டிருந்த என் கைக்கு அது வந்தபோது மணி மூன்று. அடக்கம் முடிந்திருக்கும். தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். விட்ட இடம் தெரியாமல் அதே பந்தியை இரண்டு தடவை வாசித்தேன்.

நானாவோடு வேலை செய்தவர்களும் அவரிடம் ஏச்சு வாங்கிய வாடிக்கையாளர்களும் இதை வாசிப்பீர்கள். அவர் அந்த அச்சகத்தின் ஃபோர்மன். நான் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த இரண்டு வருடம் அங்கே ஒப்புநோக்குநராக இருந்தவள். தெமோதரைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் வந்த முதல் ஆள் நான். பட்டம் கிடைத்ததே தவிர, ஆட்கள் முன்னால் வாய் திறக்கும் தைரியம் கிடைக்கவில்லை.

முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "பிழை ஒண்டக் கண்டா எனத்த செய்வீங்க?"

"திருத்துவேன்."

"எப்ப?"

அவர் மெஷினுக்கு மேலே சுவரைக் காட்டினார். அவர் கையை உயர்த்தினால் எட்டும் உயரத்தில் ஓர் ஆணி. அதில் தேயிலைப் பெட்டித் தகரத்தில் வெட்டி வர்ணம் பூசிய தகடு ஒன்று தொங்கியது. அப்படி மூன்று தகடுகள் இருந்தன. எந்த வேலை தொடங்கினாலும் மூன்றில் ஒன்றை அவர் மாட்டுவார். சிவப்பு என்றால் சந்தேகம் வந்த இடத்திலேயே நிற்க வேண்டும், ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பரீட்சைத் தாள்களுக்கு அது. மஞ்சள் என்றால் அடையாளம் வைத்துவிட்டு மேலே போகலாம், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கலாம், புத்தகங்களுக்கு அது. வெள்ளை என்றால் எது வந்தாலும் நிற்கக்கூடாது. சினிமா நோட்டீசும் மரண அறிவித்தலும் வெள்ளைத் தகட்டில் ஓடும். "மையத்து காத்துக்கொண்டு ஈக்காது மகள்" என்பார். வேலை தொடங்கிய பிறகு தகட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். முதலாளிகூட வைத்ததில்லை.

மஞ்சள் தகட்டின் அடையாளத்தை நான் ஒரு கோயில் திருவிழா மலரில்தான் விளங்கிக்கொண்டேன். கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல் விளங்காவிட்டால் நானா அந்த இடத்தில் ஈய எழுத்துகளைத் தலைகீழாகச் செருகிவிடுவார். எழுத்தின் அடிப்பக்கம் தாளில் கறுப்புத் தடமாக விழும். அந்த மலரில் தர்மகர்த்தா ஒருவரின் பெயருக்கு முன்னால் வரிசையாக ஐந்து தடம். புரூஃப் என்னும் சோதனை அச்சைப் பார்க்க வந்த அவர் கொதித்துப் போனார்.

"என்ன நானா, எம் பேருக்கு முன்னால காக்கா எச்சம் போட்டு வெச்சிருக்கீங்க?"

"அது ஒங்கட பட்டத்துக்கு விட்ட எடம் தொர. நீங்க எழுதினத ஒங்களாலயே வாசிக்க ஏலுமா பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரதியை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், பிறகு சிரித்துவிட்டார். அவராலும் முடியவில்லை. அவர் போன பிறகு நானா என்னிடம் சொன்னதை நான் அன்றே எழுதி வைத்தேன்: "தெரியாத எடத்துல அழகா ஒரு எழுத்த வெச்சா பொய்யும் அழகா நிக்கும். கறுப்பா வெச்சாத்தான் ஆள் வந்து கேக்கும்."

இனி நான் சொல்லப் போவது வேலு அண்ணனுக்கு மட்டும் முழுமையாகத் தெரிந்த கதை.

ஒரு மழைக்காலத்தில் தோட்டங்களில் வயிற்றோட்டம் பரவியது. எங்கள் லயத்திலும் வந்தது. அக்காவின் மகன் ஒன்றரை வயதுக் குழந்தை, இரண்டு நாளாகச் சுருண்டு கிடந்தான். சுகாதார அதிகாரி ஒருவர் துண்டுப்பிரசுரம் அடிக்க வந்தார். வீட்டிலேயே மருந்துத் தண்ணீர் கலக்கும் முறை: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர், உப்பு ஒரு தேக்கரண்டி, சீனி எட்டுத் தேக்கரண்டி. ஜீப் வாசலில் நின்றது, மத்தியானத்துக்குள் தோட்டங்களுக்குப் போக வேண்டும். நானா வெள்ளைத் தகட்டை மாட்டினார். நான் புரூஃப் பார்த்துக் கொடுத்தேன், சரியாக இருந்தது. அப்போது அதிகாரி, "உப்பு, சீனி ரெண்டையும் பெரிய எழுத்தாப் போட்டா நல்லது" என்றார். நானா அந்த இரண்டு சொற்களையும் உருவி, தடித்த எழுத்தில் கோத்து, தன் கையாலேயே செருகினார். வெள்ளைத் தகட்டில் இரண்டாம் புரூஃப் கிடையாது. மெஷின் ஓடத் தொடங்கியது.

அக்காவுக்குக் கொடுக்கலாமென்று ஒரு தாளை எடுத்தேன். அவள் வாசிக்கமாட்டாள், நான்தான் வாசித்துக் காட்டவேண்டும். அதனால் மனதுக்குள் அவளிடம் சொல்வதுபோல வாசித்தேன். சீனி ஒரு தேக்கரண்டி. உப்பு எட்டுத் தேக்கரண்டி.

"நிறுத்துங்கள்" என்று கத்தியிருக்க வேண்டும். மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அது குரலாக வெளியே வந்ததா என்பதும் தெரியாது. சுவரோரம் இருந்த தாள் கட்டின் மீது ஏறி, வெள்ளைத் தகட்டைக் கழற்றிச் சிவப்பை மாட்டினேன். வேலு அண்ணன் நிமிர்ந்து பார்த்தார், மெஷினை நிறுத்திவிட்டார்.

"யாரு தகட்டுல கை வெச்ச?" நானா உள்ளேயிருந்து வந்தார். நான் கட்டின் மேல் நின்றபடியே தாளை நீட்டினேன்.

"என்ன நானா இது, ஜீப் நிக்குது. எழுத்துப் பிழையா இருந்தாப் பரவாயில்ல, ஓட்டுங்க" என்றார் அதிகாரி.

நானா வாசித்து முடித்திருந்தார். "எழுத்துப் பிழை இல்ல தொர. பச்சப்பிள்ளைட உசிரு. செஞ்சது என்ட கை."

அச்சாகி ஜீப்பில் ஏற்றியிருந்த தாள் கட்டை அவரே ஏறி இறக்கினார். மெஷின் காட்டிய எண்ணோடு தாள்களை எண்ணினோம். என் கையில் இருந்ததைச் சேர்த்தும் ஒன்று குறைந்தது. மேசைக்கடியில் தேடினோம், குப்பைக்கூடையைக் கொட்டினோம். அது கிடைக்காமல் மெஷினை ஓட்டமாட்டேன் என்று நானா நின்றுவிட்டார். கடைசியில் வேலு அண்ணன் அதிகாரியைப் பார்த்து, "ஐயா, ஒங்க சட்டைப் பையில என்னங்க?" என்றார். மாதிரிக்கென்று அவர் மடித்து வைத்திருந்தார். எல்லாத் தாள்களையும் கொல்லையில் எரித்துவிட்டுத்தான் நானா சொற்களை மாற்றிச் செருகினார். புதுப் புரூஃபை நான் வாசிக்க, வேலு அண்ணன் வாசிக்க, அதிகாரியும் வாசித்தார். சரியான தாளோடு நான் வீட்டுக்குப் போனேன். அக்காவின் மகன் பிழைத்தான்.

மூன்று நாள் நானா என்னோடு பேசவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர் ரோஷக்காரர். அந்த நாள்களில் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். நான்காம் நாள் என் மேசைக்கு வந்தார்.

"வேல ஓடக்குள்ள தகட்டுல கை வெச்சீங்க."

"பிழைதான் நானா."

"பிழை இல்லண்டு செல்லத்தான் வந்தேன். குறுக்கால பேச வாணாம்."

பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் அந்த உயரத்து ஆணியைப் பிடுங்கினார். என்னைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, என் தோள் உயரத்துக்கு அதை அடித்தார். "எங்க, கைய நீட்டுங்க பாப்பம்." நீட்டினேன், எட்டியது. "இனிக் கட்டுல ஏற வாணாம்" என்றார். வேலை ஓடும்போது தகட்டைச் சிவப்பாக மாற்றும் உரிமை அன்றிலிருந்து அச்சகத்தில் எல்லோருக்கும் வந்தது. ஆறடி மனிதர், அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் குனிந்துதான் தகடு மாட்டினார்.

போன சனிக்கிழமை பதுளைக்குப் போய் அவர் மனைவியைப் பார்த்தேன். வரும் வழியில் அச்சகத்துக்குள் நுழைந்தேன். உயரத்தில் பழைய ஆணித் துளை அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி மை படிந்த விரல் தடங்கள். சிவப்புத் தகட்டைக் கேட்டேன். "வேலைக்கு வேணும் புள்ள, தரமாட்டேன்" என்றார் வேலு அண்ணன். அவர் சொன்னதுதான் சரி.

நானாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, தாழ்த்தி அடித்த அந்த ஆணியின் உயரத்தை. என் வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் ஓர் ஆணி அடித்து, ஒரு பக்கம் மட்டும் சிவப்பான அட்டை ஒன்றை மாட்டியிருக்கிறேன். விளங்காதவர்கள் எழுந்து கேட்க வேண்டியதில்லை, அதைச் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். ஆணியை அடிக்கும் முன்னால், கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒருநாளும் வாய் திறக்காத சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கச் சொன்னேன்.

"எங்க, கையை நீட்டு பார்ப்போம்."