தானாகச் சாய்ந்த குச்சிகள்

கெலுகோர் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த என் மகள், கணினிக்குள் குச்சிகளை ஆட்டிக்கொண்டிருந்தாள். நிஜக் குச்சிகள் இல்லை, வெறும் எண்கள். குச்சி போன்ற துகள்களை நெருக்கினால், யாரும் சொல்லாமலே எல்லாம் ஒரே பக்கம் திரும்புமாம். கைக்கடிகாரத்தில் எண் காட்டும் திரவப் படிகமும் அந்த ஜாதிதானாம். கோயிலில் விசாரித்தவர்களிடம் கம்ப்யூட்டர் படிப்பு என்று மட்டும் சொல்லிவைத்தேன். குச்சிக்கா உபகாரச் சம்பளம் என்று கேட்டுவிட்டால்?

அந்த உபகாரச் சம்பளம்தான் என் நெஞ்சுவலி. கருத்தரங்கில் ஆசிரியர்கள் திருப்தியானால்தான் அடுத்த ஆண்டும் கிடைக்கும். நான் உருளைக்கிழங்கு மசாலா பொதிந்த கறிபஃப் பொரித்துக் கொண்டுபோய், அந்த உரிமையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் குச்சிகள் எண்ணெய் வைத்து வாரிய தலைபோலப் படிந்து நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் கறிபஃப்பைக் கடித்தபடியே ஒரு விரிவுரையாளர், தொடக்கத்தில் குச்சிகள் எப்படி இருந்தன என்று கேட்டார். அடுக்கி வைத்திருந்ததாக இவள் சொன்னாள். அப்படியென்றால் அவை தாமாகத் திரும்பினவா, வைத்த இடத்தில் சோம்பேறியாக நிற்கின்றனவா என்றார். தட்டைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று யோசித்தேன். தீபாவளிக்குள் கலைந்த நிலையிலிருந்து செய்து காட்டாவிட்டால் சம்பளம் நின்றுவிடும் என்றார்கள்.

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது, கடலைக் கடக்கும் பெர்ரியில் அவள் சொன்னாள்: "நெருக்கமா கலைச்சுப் போட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதும்மா. அதான் அடுக்கிட்டேன்."

அடுக்குவது என் வளர்ப்பு.

மறுநாளே பெரிய பெட்டியில் குச்சிகளைத் தாறுமாறாகத் தூவி, பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்க ஆரம்பித்தாள். கணினி மாட்டுவண்டி வேகத்தில் ஓடியது. திரும்பிவிட்டதா என்று தினமும் துளைத்தேன்.

"என்னைக் கேக்காதீங்க லா. முருகன்கிட்ட கேளுங்க."

கேட்டேன். கையில் வேல் வைத்திருப்பவருக்குக் குச்சி விவகாரம் தெரியாதா என்ன?

தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது குச்சிகளின் படம் அச்சான ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எல்லாம் கோணலா சாஞ்சிருக்கே?"

"ஒரே பக்கமா சாஞ்சிருக்கு, பாருங்க. எந்தப் பக்கம்னு நான் சொல்லவே இல்ல."

ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள், சம்பளமும் தொடர்ந்தது. ஆனாலும் யாராவது கறிபஃப்பைக் கடித்துக்கொண்டே கேள்வி கேட்டால் எனக்கு இன்னும் தட்டைத் திரும்ப வாங்கிவிடத் தோன்றும். அந்தத் தாளைச் சட்டம் போட்டு, குச்சிகள் நேராக நிற்கும்படி சற்றே சாய்த்து மாட்டியிருக்கிறேன். அதைக் கடக்கும்போதெல்லாம் அவள் சட்டத்தை நேராக்கிவிட்டுப் போகிறாள்.