தாகேதாவில் கரண்ட் வருவதற்குள்

1. நான் அனுப்பிய "ஆம்"

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, என் திரையில் இருபத்தாறு கதைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். ஒன்று. லாக் அவுட் செய்துவிட்டு உள்ளே வந்தேன். அப்போதும் ஒன்றுதான். 

நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் தளத்தின் ரங்கூன் அலுவலகம் போட்டாதாங்கில் ஒரு கிடங்குக்கு மேல் மாடியில் தொடங்கிய நாளிலிருந்து நான் இங்கே சப்போர்ட் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் வரைபடத்தில் பின் குத்துவார்கள். ஒவ்வொரு பின்னிலும் அங்கே நடந்ததை எழுதுவார்கள், படம் போடுவார்கள். பிளே பட்டனை அழுத்தினால் கதை பின் பின்னாக நகரும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், பிள்ளைகள் தவறாகக் குத்திய பின்களைச் சரிசெய்வதும் என் வேலை. ஆற்றுத் தண்ணீரில் விழுந்த பின்னைக் கரைக்கு இழுத்துவிடுவதுதான் அதிகம். ஒரு நாளைக்குப் பத்துப் பின்னாவது இழுப்பேன்.

அன்று காலை ஒன்பது மணிக்குப் புது அப்டேட் போயிருந்தது. அதில் ஐந்து அம்சங்கள். நான்கு நல்லவை. ஐந்தாவதன் பெயர் கிளீன் அப். ஒரே லாகினில் ஒரே இடத்தில் தொடங்கும் கதைகள் பல இருந்தால், அவை ஒரே கதையின் நகல்கள் என்று சர்வர் முடிவு செய்யும். கடைசியாக எழுதியதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும்.

வெளிநாட்டில் உட்கார்ந்து இதை எழுதியவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு லாகின் என்பதுதான் கணக்கு. இங்கே அப்படியா? எட்டுப் போனை இருபத்தாறு பிள்ளைகள் கைமாற்றி எழுதுகிற வகுப்பில் யார் எத்தனை பாஸ்வேர்டை நினைவில் வைப்பது? "ஒரு வகுப்புக்கு ஒரே லாகின் போதும்" என்று நான்தான் எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். "எல்லாரும் பள்ளிக்கூட வாசலிலிருந்து கதையைத் தொடங்குங்கள், திருத்துவதற்குச் சுலபம்" என்று சொன்னதும் நான்தான். பயிற்சியில் இதற்காகக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

இதோடு நிற்கவில்லை. மூன்று வாரம் முன்பு தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. ஒரே லாகினில் ஒரே பின்னில் தொடங்குபவை நகல்கள்தானே என்று கேட்டிருந்தார்கள். நெட் மெதுவாக இருக்கும்போது பிள்ளைகள் சேவ் பட்டனை நாலு தடவை அழுத்தி நாலு நகல் உண்டாக்குவது எனக்குத் தினசரித் தலைவலி. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடி "ஆம்" என்று பதில் அனுப்பினேன். ஒரே ஒரு சொல். அதற்குமேல் யோசிக்கவில்லை.

2. டிக்கெட்

காணாமல் போனவை தாகேதாவில் இருக்கும் சபியாவின் வகுப்புக் கதைகள். சபியா ஒரு சிறிய தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு சயாமா. சயாமா என்றால் டீச்சர். "போனைக் கொடுத்தால் பிள்ளை கேம் ஆடும்" என்று முறைத்த பெற்றோரிடம் வீடு வீடாகப் போய், ஒரு வாரத்துக்கு மட்டும் என்று கெஞ்சி எட்டுப் போன் இரவல் வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெற்றோர் எல்லாரையும் வரவழைத்துக் கதைகளைக் காட்டப்போகிறாள். காட்ட எதுவும் இல்லையென்றால் அடுத்த தடவை ஒருவரும் போன் கொடுக்க மாட்டார்கள். வரைபட வகுப்பையே நிறுத்திவிடுவதாகத் தலைமையாசிரியரும் சொல்லியிருந்தார்.

எங்கள் மேலாளர் கோ மின்னிடம் ஓடினேன். அவர் பர்மா பாஷையில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"பேக்கப்ல இருக்கும்ல?"

"பேக்கப் ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்கிறாங்க. இவங்க எழுத ஆரம்பிச்சதே திங்கக்கிழமை."

"சரி, டிக்கெட் போடுங்க. அப்டேட்டுக்கு முன்னாடி இருந்த நிலைக்கு ரோல்பேக் பண்ணச் சொல்லுவோம்."

தலைமை அலுவலகத்துக்குப் புகார் டிக்கெட் போட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மற்ற நாடுகளில் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது, சர்வரை நிறுத்த முடியாது, மாலைக் கூட்டத்தில் பேசுகிறோம் என்றது. கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று. எரிச்சல் தலைக்கேறியது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு போனிலும் அதில் எழுதிய கதைகளின் பிரதி இருக்கும். ஆப்பைத் திறந்து, நெட் கிடைத்தால்தான் போன் சர்வரோடு சிங்க் ஆகும். சிங்க் ஆனால் சர்வர் அழித்ததைப் போனும் அழித்துவிடும். அந்தப் பிள்ளைகளின் போன்களில் டேட்டா கிடையாது, பள்ளியின் வைஃபைதான். தாகேதாவில் அன்று ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிருந்தது. ஒரு மணிக்குத்தான் வரும். வைஃபை ரவுட்டர் செத்துக்கிடக்கிறது. அதாவது, கதைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன!

சபியாவுக்குப் போன் போட்டேன். போகவில்லை. கரண்ட் இல்லாத பகுதியில் டவரும் படுத்துவிடும். ஆறு தடவை போட்டேன். மணி பதினொன்று.

"நான் தாகேதாவுக்குப் போறேன்" என்றேன்.

"போய் என்ன பண்ணுவீங்க? மீட்டிங் வரைக்கும் பொறுங்களேன்" என்றார் கோ மின்.

"மீட்டிங் சாயந்தரம். கரண்ட் ஒரு மணிக்கு."

 அவர் தன் லேப்டாப்பையும் கேபிள்களையும் என் பையில் திணித்தார். "இதுல சார்ஜ் ஃபுல்லா இருக்கு. நான் இங்கேருந்து அவங்களத் திட்டிக்கிட்டே இருக்கேன்" என்றார். நல்ல மனிதர்.

3. மீ லா பீ

போட்டாதாங்கிலிருந்து தாகேதா தூரமில்லை. ஆனால் இடையில் இருக்கும் பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றது. பஸ் அரை மணி நேரம் அசையவில்லை. டாக்ஸி பிடித்தாலும் அதே பாலம்தான். இறங்கி நடந்தேன். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, தோளில் லேப்டாப், உச்சி வெயில். நடக்க நடக்க, பயிற்சி வகுப்பில் நான் பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் காதில் கேட்டது. பாலத்தைத் தாண்டி சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஒன்று கிடைத்தது. ஓட்டியவரிடம் "ஒரு மணிக்குள்ள" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாக மிதித்தார்.

பள்ளி வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதே நொடியில் தெரு முழுக்கக் குரல் எழுந்தது.

"மீ லா பீ! மீ லா பீ!"

கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஊரில் கரண்ட் வந்தால் பிள்ளைகள் இப்படித்தான் கத்துவார்கள். நானும் வீட்டில் கத்துவேன். வராத கரண்டுக்காக மின்சார இலாகாவைத் திட்டியே பழகிய நான், அன்று கால் மணி நேரம் முந்தி வந்ததற்காகத் திட்டினேன்.

கட்டியிருந்த தமேன் லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். வகுப்பில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஜன்னலோரம் வைத்திருந்த போன்களை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். சபியா கரும்பலகைப் பக்கம் நின்றாள்.

"ரவுட்டர் எங்கம்மா?"

"அக்கா? நீங்க எங்க இங்க..."

"ரவுட்டர் எங்க!"

அவள் கை காட்டிய மூலையில் அலமாரி மேல் இருந்தது. விளக்கு பச்சையாகிவிட்டது. வயரோடு பிடுங்கினேன். அலமாரி மேலிருந்த சாக்பீஸ் பெட்டி என் தலையில் கவிழ்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எல்லாரும் போனைக் கீழ வைங்க. யாரும் ஆப்பைத் தொடாதீங்க" என்றேன், முதலில் பர்மா பாஷையில், பிறகு தமிழில்.

சபியாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். சர்வரைச் சொன்னேன், அப்டேட்டைச் சொன்னேன். அந்த "ஆம்" மெயிலைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "ஒரே லாகின் போதும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க? நான் பிள்ளைக்கி ஒண்ணு போடலாம்னு அன்னைக்கே கேட்டேன்ல?"

"கேட்டே. நான்தான் வேணாம்னேன். தப்பு என்னோடதுதான்."

"அந்தப் பெத்தவங்க வீட்டுக்கெல்லாம் நான் எத்தன நடை நடந்திருப்பேன், தெரியுமாக்கா?"

  அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லுங்க" என்றாள்.

ஒவ்வொரு போனாகக் கேபிளில் மாட்டி, உள்ளே இருந்த கதைகளை லேப்டாப்பில் பிரதி எடுத்தேன். சபியா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லாகின் உண்டாக்கி, அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். மாலைக்குள் ஏழு போன்களிலிருந்து, சர்வர் அழித்திருந்த இருபத்து நான்கு கதைகள் கைக்கு வந்தன. சர்வர் விட்டுவைத்திருந்த ஒன்றையும் சேர்த்தால் இருபத்தைந்து.

எட்டாவது போன் முந்திக்கொண்டுவிட்டது. நான் வயரைப் பிடுங்குவதற்குள் அது சிங்க் ஆகியிருந்தது. அதில் ஒரே ஒரு பிள்ளையின் கதைதான் இருந்தது.

4. தண்ணீரில் ஒரு பின்

அவள் பெயர் ஜைனப். பன்னிரண்டு வயது. அவளுடைய வாப்பா போட்டாதாங் துறையில் மோட்டார் படகு ஓட்டியவர், இப்போது மலேசியாவில் வேலை. அவர் ஓட்டிய வழியைத்தான் அவள் எழுதியிருந்தாள். அவரும் ஞாயிற்றுக்கிழமை போன் வழியாகப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். படங்கள் கேலரியில் தப்பியிருந்தன. எழுத்தும் பின்களும் போய்விட்டன.

பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓங் கதையை நான்தாம்மா தொலைச்சேன். மன்னிச்சுக்க" என்றேன். இந்த வேலையில் எத்தனையோ பேரிடம் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று டைப் அடித்திருக்கிறேன். ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. 

அவள் அழவில்லை. "யா பாடே" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு தயங்கித் தயங்கி, தமிழும் பர்மாவும் கலந்து கேட்டாள்: "சயாமா, இந்த தடவையும் ஸ்கூல் கேட்லேருந்துதான் ஆரம்பிக்கணுமா?"

"ஏம்மா?"

"வாப்பா ஸ்கூலுக்கு வந்ததே இல்ல. கேட்ல என்ன எழுதுறதுன்னே தெரியல. சும்மா ரெண்டு வரி எழுதினேன்."

 திருத்துவதற்கு எனக்குச் சுலபம் என்பதற்காக இருபத்தாறு பிள்ளைகளையும் ஒரே வாசலில் வரிசையாக நிற்கவைத்திருந்தேன். எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் சர்வர் நகல் என்று நினைக்காமல் என்ன செய்யும்?

"நீ எங்க வேணா ஆரம்பி" என்றேன்.

சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. கோ மின்னும் நானும் அலுவலகத்துக்கு வந்தோம். கிளீன் அப் அம்சத்தை நிறுத்தும்வரை ஒருவரையும் விடுவதில்லை என்று உட்கார்ந்தோம். வெள்ளி மாலைக் கூட்டம் என்ற தலைமை அலுவலகத்தினர் சனி மதியம்தான் இணையத்தில் வந்தார்கள். "சில வகுப்புகளில் மட்டும்தானே பிரச்சினை?" என்று கேட்டார்கள். எங்கள் வகுப்புகள் எல்லாவற்றிலும் அப்படித்தான், மூன்று வாரம் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அன்றே அது நிறுத்தப்பட்டது. அடுத்த அப்டேட்டில் ஒரே போனில் பல பிள்ளைகள் தங்கள் பெயரைத் தொட்டு உள்ளே போகும் வசதி வந்தது. அதை ஷ்வேப்யிதாவில் ஒரு வகுப்பில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் "சரி" என்று எழுதினேன். இப்போதெல்லாம் என் பதில் மெயில்கள் நீளமாக இருக்கின்றன என்று தலைமை அலுவலகத்தில் குறை சொல்கிறார்கள். சொல்லட்டும். நீங்களும் நீளமாகவே எழுதுங்கள். வகுப்பில் உட்காராமல் எந்த அம்சத்துக்கும் தலையாட்டாதீர்கள்.

ஞாயிறு காலை, பெற்றோர் வருவதற்குமுன் கதைகளைக் கடைசியாக ஒரு முறை சரிபார்த்தேன். அவரவர் லாகினில் இருபத்தாறும் மறுபடி ஏறியிருந்தன. ஜைனப் இரண்டு நாளில் மறுபடி எழுதி முடித்திருந்தாள். அவள் கதையின் முதல் பின் ஆற்றின் நடுவில் விழுந்திருந்தது. சுற்றிலும் நீலம், தெரு இல்லை, துறை இல்லை. பழக்கதோஷம், அதைக் கரைக்கு இழுக்க என் விரல் மவுஸுக்குப் போய்விட்டது.

அழுத்தாமல், கீழே எழுதியிருந்ததைப் படித்தேன்.

"இந்த இடத்தில்தான் வாப்பா சுக்கானை என் கையில் கொடுத்தார்."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.