பகையாளி பூட்டிய வில்லுத்தகடு

இன்று உரும்பிராய்ச் சந்தியில் ஒரு லொறியின் முன்பக்க வில்லுத்தகட்டை, சில்லுக்கு மேலே பாரம் தாங்கும் அந்த வளைந்த இரும்புப் பட்டையை, மாற்றினார்கள். அடுத்த வளவு மெக்கானிக் சின்னராசா அண்ணை நினைவில் வந்தார்.

எழுபதுகளில் ஒருநாள். எங்கள் லொறி நிறைய வெங்காயம். மழை இருட்டுகிறது. முன் தகடு முறிந்துவிட்டது. நனைந்தால் அந்தப் போகமே அழுகிப்போகும்.

வேலியை எங்கள் பக்கம் தள்ளிப் போட்டவர் அவர். நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் அந்த நாளில் இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை. ஆனாலும் ஸ்பனர்களோடு தானாகவே வந்தார்.

என் கணவர் முறிந்த பக்கத்துக்கு மட்டும் புதுத் தகடு எடுத்து வைத்திருந்தார்.

அண்ணை, வேம்பில் கட்டியிருந்த எங்கள் பசுவைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு பக்கம் மட்டும் மாத்தினால் லொறி சரிஞ்சு இழுக்கும் எண்டு சொல்லு."

நானும் பசுவிடமே சொன்னேன்: "மற்றதும் வீட்டிலை கிடக்கு, கொண்டு வாறன் எண்டு சொல்லு."

கொண்டுவந்து சில்லருகே குனிந்தேன். லொறியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜக் வழுக்கியது.

"தள்ளி நில் தங்கச்சி!" அண்ணை கத்தினார்.

துள்ளி விலகினேன். நான் நின்ற இடத்தில் லொறி குந்தியது.

அவர் திரும்பவும் தூக்கி, இரண்டு பக்கமும் புதுத் தகடு பூட்டினார். மழைக்கு முன்னே வெங்காயம் சந்தை சேர்ந்தது. அண்ணையைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எனக்கேன் கும்பிடு? நான் மாட்டுக்கெல்லோ சொன்னனான்," என்றார்.

மாட்டை யாராவது தங்கச்சி என்று கூப்பிடுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.