இறங்கிய இரண்டாம் தந்தி

காது என்ற பட்டப்பெயரை அவரே தனக்கு வைத்துக்கொண்டு, ஊர் வைத்ததாகச் சொல்லிவந்தார். காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கடை அவருடையது. ஆளைச் சின்ன அறைக்குள் உட்கார வைத்து, "இது கேக்குதா? சரி, இது?" என்று பகலெல்லாம் விசாரணை நடக்கும். சனிக்கிழமை மாலையானால் அதே கடையின் பின்னறையில் ராக் குழு ஒத்திகை. சத்தம் வெளியே கசியாத அறை என்பதால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் புகாரில்லை.

ஒத்திகை என்பது பேச்சுக்கு. வாசித்த நேரத்தைவிட ஒப்பிட்ட நேரம்தான் அதிகம். குழு என்றால் டீப் பர்ப்பிளா, பிங்க் ஃபிளாய்டா? கிட்டார் என்றால் முதல் குழுவின் ரிச்சி பிளாக்மோரா, இரண்டாவதின் டேவிட் கில்மரா? காது பிளாக்மோர் கட்சி. "அந்த வேகத்துலயும் ஒவ்வொரு ஸ்வரமும் முத்து கோத்த மாதிரி தனித்தனியா விழுது பாருங்க" என்பார். எந்த இசைத்தட்டைப் போட்டாலும், தந்தி சுருதியில் மயிரிழை இறங்கியிருந்தால்கூடத் தனக்குக் கேட்டுவிடும் என்பார். டிரம்ஸ் அடிக்கும் பேக்கரிக்காரர் அதை நம்பினார். தீர்ப்புகள் எல்லாம் காது சொன்னபடியே நடந்தன, தங்கை புருஷன் வந்து சேரும்வரை.

மாப்பிள்ளை ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊமையாகிப்போன ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். மூடியைக் கழற்றி, எதையோ பற்றவைத்து, சரியாகிவிட்டதா என்று பார்க்கக் காதின் கிட்டாரை எடுத்து நாலு ஸ்வரம் வாசித்தார். கடைசி ஸ்வரத்தில் தந்தியை விரலால் தள்ளி, மேலே ஏற்றி, கில்மர் மாதிரியே அங்கே நிறுத்தினார். பேக்கரிக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்குக் காதுக்கு வயிற்றில் பற்றிய எரிச்சல், டாக்டர் எழுதிக் கொடுத்த எந்த மாத்திரைக்கும் கட்டுப்படவில்லை.

அதன்பிறகு கில்மருக்குக் கெட்ட காலம்.

"ஒரு ஸ்வரத்தை அடிச்சு விட்டுட்டு, டீ குடிச்சுட்டு வந்து அடுத்ததை அடிக்கிறதா? இதுக்குப் பேரு வாசிப்பா?" என்றார் காது.

"நமக்கும் அவ்வளவு வேகமெல்லாம் வராது மச்சான். ஒரு இடத்துக்குப் போனா கொஞ்சம் உக்காந்துட்டு வர்றதுதான் பழக்கம்" என்றார் மாப்பிள்ளை.

"ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போனாலும் இப்படித்தான் உக்காருவீங்களா மாப்பிள்ளை?"

"காபி குடுத்தா உக்காருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். காது ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் வாசிக்க அழைப்பு வந்தது. கடைசிப் பாட்டின் சோலோ, அந்தத் தனிக் கிட்டார் வாசிப்பு, எப்போதும் காதுடையது. இந்த முறை பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார். "இந்தத் தடவை மாப்பிள்ளைக்கு விடலாமே. நீங்க பெரிய மனசு பண்ணணும்." காது பெரிய மனசு பண்ணினார். பண்ணிவிட்டு வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

விழாவில், கடைசிப் பாட்டுக்கு முன் மாப்பிள்ளை கிட்டாரைத் தாங்கியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். காது செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். நிமிரும்போது இரண்டாம் தந்தியின் முறுக்காணி லேசாகத் தளர்ந்திருந்தது. பாட்டு முழுக்க மாப்பிள்ளைக்குத் தடித்த தந்திகளில்தான் வேலை. இரண்டாம் தந்தி போன்ற மெல்லிய தந்திகளைத் தொடுவது சோலோவில்தான். எல்லாம் கணக்குப் பண்ணித்தான்.

சோலோ வந்தது. முதல் ஸ்வரம் தாழ்ந்து விழுந்தது. மாப்பிள்ளையின் புருவம் ஒருமுறை நெரிந்தது, அவ்வளவுதான். அதே ஸ்வரத்தைப் பிடித்துத் தள்ளி, இருக்க வேண்டிய இடத்துக்கு ஏற்றினார். அடுத்ததையும் அப்படியே. ஒவ்வொரு ஸ்வரமும் கீழேயிருந்து தவித்து ஏறி வந்து வீடு சேர்ந்தது. கூட்டத்தில் இருமுகிறவர்கள்கூட நிறுத்திக்கொண்டார்கள். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அங்கே நடப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் மாப்பிள்ளை சிவந்த விரல் நுனியை ஊதிக்கொண்டார். "ரெண்டாம் தந்தி இறங்கிடுச்சு. எல்லாத்தையும் இழுத்து இழுத்துத்தான் ஏத்தினேன். கவனிச்சீங்களா மச்சான்?"

பேக்கரிக்காரர் காதைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள். கவனித்தேன் என்றால், இறங்கிய தந்தியில் இப்படி வாசிக்க யாரால் முடியும் என்பதையும் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும்.

"இல்லையே. எனக்கு எல்லாம் சரியாத்தான் கேட்டுச்சு."

"உங்களுக்கே கேக்கலையா?" என்றார் பேக்கரிக்காரர். "அப்ப கடையில நல்லதா ஒண்ணு எடுத்து மாட்டிக்கோங்க. சொந்தக் கடை, தள்ளுபடி கிடைக்கும்."

மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நல்லாத்தான் வாசிச்சிருக்கேன் போல. மச்சான் காதுக்கே தெரியலைன்னா பாத்துக்கோங்களேன்." மனதாரத்தான் சொன்னார். காதுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலை வீட்டில் தன் கிட்டாரை மடியில் வைத்து, இரண்டாம் தந்தியை அதே அளவு இறக்கி, அதே சோலோவை வாசித்துப் பார்த்தார். பாதி ஸ்வரம் வழியிலேயே களைத்துப்போய் உட்கார்ந்தது. மீதி, இடத்தைத் தாண்டி ஓடியது. மறுபடி வாசித்தார்.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி, சங்கீதத்துக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்பவர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, ஒரு தந்தி இறங்கிக் கேக்குதே. முறுக்க மறந்துட்டீங்களா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, காது ஜன்னலைச் சாத்தினார்.