கொத்தமங்கலத்தில் ஏழாவது கொடி

வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, ஊருக்குள் கட்டியிருக்கும் கொடிகளை வரிசையாகத் தேடிப் பிடிக்கும் பந்தயத்துக்கு ஓரியன்டீரிங் என்று பெயர். போன தடவை நானும் என் நாத்தனார் மீனாவும் நேரம் தாண்டி வந்ததால் முடித்தவர்கள் பட்டியலில் பெயர் ஏறவில்லை. இந்தத் தை மாதம் கொத்தமங்கலத்தில் நடக்கிறது என்றதும், எப்படியும் பெயரை ஏற்றிவிடுவது என்று கிளம்பிவிட்டோம். எட்டுக் கொடி, ஒன்றரை மணி நேரம்.

ஞாயிறு காலை 5.50க்குக் காரைக்குடியில் ஆட்டோ ஏறினோம். போய்வர 600 ரூபாய்.

"கோயிலுக்கா போறீக?" என்றார் ஓட்டுநர்.

"ஓடப் போறோம்ணே."

"ஓடவா? ஆரு தொரத்துறாக?"

மீனாவின் சிரிப்பு ஊர் வந்து சேரும்வரை நிற்கவில்லை.

ஆளுக்கு 150 ரூபாய் கட்டி, பிள்ளையாரைக் கும்பிட்டு, 7.00க்குப் புறப்பட்டோம். அங்கே வீடுகள் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். ஒரு சந்து தப்பினால் பெரிய சுற்று. அதனால் ஒவ்வொரு முனையிலும் நின்று படம் பார்த்து நடந்தோம். ஐந்து கொடிவரை ஒரு பிழை இல்லை! ஆனால் ஆறாவதைப் பிடித்தபோது மணி 8.12. பிடித்தோம் ஓட்டம். கோயில்வரை அறுநூறு மீட்டர். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, படத்தில் கோடுகள் ஆடுகின்றன. ஏழாவது கொடி மதிலோரம் என்பது மட்டும் தலையில் நின்றது. கிழக்கு வாசலில் ஒரு கும்பிடு போட்டு, அப்படியே இடப்பக்கம் திரும்பி ஓடினேன்.

தென்மதிலில் பாதி தூரம் போனபின், பின்னால் வந்த மீனா தன் படத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணி, எங்குட்டு ஓடுறீக? கொடி வடக்கால்ல இருக்கு!"

சாமியை வலக்கைப் பக்கம் வைத்தே சுற்றிப் பழகிய கால், என்னைக் கேட்காமலே பிரதட்சிணம் கிளம்பியிருக்கிறது!

"நீயும்தானடி பின்னாடி வந்த?"

"நீங்க வேண்டுதல்னுல நெனச்சேன்!"

"சரி, திரும்பு."

"பாதிச் சுத்துல திரும்பப்படாது அண்ணி!"

மணி 8.19. "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ ஓடு!"

ஏழு, எட்டு, முடிவுக் கோடு. 8.28! எங்கள் பெயரை எழுதி முடிக்கும்வரை அந்தப் பேனாவை விட்டு மீனா கண்ணெடுக்கவில்லை. பெண்கள் ஜோடிகளில் ஆறாவது இடம். மொத்தமே ஆறு ஜோடிதான். அதனாலென்ன!

ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு, கோயிலுக்குப் போய் விட்ட சுற்றை முடித்தோம். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. கிழக்கு வாசலில் நின்று பார்க்கிறேன்: வலப்பக்க மூலை வேப்பமரத்தில், நூறடி தள்ளி, அந்த ஏழாவது கொடி பளிச்சென்று தொங்குகிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அத்தனை வேகமாக ஓடியிருக்கிறோம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். திருப்பத்துக்கு முன்பே ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். பத்து மூச்சு விட்டபின் படத்தைப் பாருங்கள். அந்தப் பத்து மூச்சை மிச்சம் பிடிக்கப் போய் எங்களுக்கு நாலு நிமிடம் போனது. கொடி கோயில் பக்கம் என்றால், இன்னும் ஐந்து மூச்சு சேர்த்து நில்லுங்கள்.