மாஸ்க்குக்குள் எரிந்த கன்னம்

ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் பருக்கள் வந்தன. தென்காசிப் பக்கம் வெயிலில் அலைந்த காலத்தில் வராதவை, ஏசி அறைக்குள் வந்தன. நாங்கள் வேலை செய்யும் அறையில் ஒரு தூசி பறக்கக் கூடாது. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, கண்ணுக்குக் கீழே முழுக்க மாஸ்க். ஷிப்டு முடியும்வரை நான் விட்ட மூச்சு என் முகத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும். தாடையோரம் கொத்துக்கொத்தாகப் பருக்கள் கிளம்பின.

நான் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். அம்மாதான் விடவில்லை. ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னை வீடியோ காலில் பார்க்க வேண்டும் என்றார்களாம். பிடித்திருந்தால் பொங்கலுக்கு நேரில் வருவார்களாம்.

"ஏட்டி, மூஞ்சிக்கு என்னத்தையாவது வாங்கிப் போடு. இதோட அவுக முன்னால எப்படி உக்காருவ?" என்றாள்.

கல்யாணம் இப்போது வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு என்றாள். வேலையை விட மனமில்லாமல் சரி என்றேன்.

ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஒரு சீரம் போடுவாள். விலை குறைவுதான், அவளுக்கு நன்றாகவே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் வேன் எங்களை ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் இறக்கிவிட்டபோது, அவள் காட்டிய கடையிலேயே ஒரு பாட்டில் வாங்கினேன். ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் படுக்கும் முன்பு சில சொட்டுத்தான் போட வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். அப்படியே போட்டேன். எண்ணெய் வடிவது குறைந்தது. கண்ணாடி பார்க்கும்போது கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா, வருகிற ஞாயிறே அந்த வீடியோ கால் வரும் என்றாள். அவசரத்தில் நான் காலையிலும் போட ஆரம்பித்தேன். கிரீம், பவுடர் எதுவும் பூசிக்கொண்டு வேலை அறைக்குள் வரக் கூடாது என்பது கம்பெனி விதி. சீரம் தண்ணீர் மாதிரி காய்ந்துவிடும், யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள், லைன் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே கன்னம் காந்தத் தொடங்கியது. மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது. உறை போட்ட கையால் முகத்தைத் தொடக் கூடாது. நம் இடத்தில் வேறொருவர் வந்து நிற்காமல் வெளியே போகவும் கூடாது. கையைத் தூக்கினேன். மாற்று ஆள் வேறு லைனில் இருந்தாள். கன்வேயரில் பாகங்கள் வந்துகொண்டே இருந்தன. பொருத்திக்கொண்டே அழுதேன். கண்ணீர் மாஸ்க்குக்குள் இறங்க இறங்க எரிச்சல் கூடியது.

பக்கத்தில் நின்ற, மண்ணூரிலிருந்து வேலைக்கு வரும் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாமா, அழுதுகினு கீற? நீ போ. உன்னுதையும் சேத்து நான் பாத்துக்கறேன்."

குழாயடியில் மாஸ்க்கைக் கழற்றினேன். மாஸ்க் இருந்த இடம் முழுக்க, அதே வடிவத்தில், தோல் சிவந்து வீங்கியிருந்தது. மெடிக்கல் ரூம் நர்ஸ் முகத்துக்குப் போடும் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். சில நாள் மாஸ்க் போடாமல் இருந்தால் சீக்கிரம் ஆறும் என்றார். மாஸ்க் இல்லாத வேலை பேக்கிங்கில்தான் உண்டு, அங்கே இடமில்லை, லீவு எடுத்துக்கொள் என்றார் சூப்பர்வைசர்.

வேலை நாளில் லீவு போட்டால் ஹாஸ்டல் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். மற்றவர்கள் பஸ் ஏறிப் போனபின் அறையில் நான் மட்டும் கிடந்தேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். படுத்துக்கொண்டே ஒன்றை யோசித்தேன். இந்த முகத்தை அப்படியே காட்டிவிட்டால் என்ன? அவர்களே வேண்டாம் என்றுவிடுவார்கள். அந்த நினைப்பு வந்ததும் எரிச்சல்கூடக் கொஞ்சம் தாங்கும்படி ஆனது.

ஞாயிற்றுக்கிழமை போனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள் அம்மா. வேண்டாம் என்றேன். துப்பட்டாவால் மறைக்காமல், வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். முகத்தில் அருவருப்பு இல்லை. உண்மையிலேயே இரக்கப்பட்டார்.

"அந்த கம்பெனி வேலதான் புள்ளய இந்தப் பாடு படுத்துது. எங்க வீட்டுக்கு வந்துட்டா நீ வேலைக்கே போவ வேண்டாம் தாயி. எல்லாம் சரியாயிரும்."

அதே காலில் ஊரிலிருந்து சேர்ந்திருந்த அம்மா அழுதது கேட்டது. சந்தோஷ அழுகை. நான் தலையாட்டினேன்.

சீரத்தை நிறுத்தியபின் தோல் உரிந்து, மெல்ல ஆறியது. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போய், அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. பூ வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கிளம்பும் முன்பு மாப்பிள்ளையிடம் தனியாக, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்றேன்.

"அம்மாட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

இன்னும் சொல்லவில்லை. நான் ஒரகடம் திரும்பி, ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.