ரொட்டியை அறுத்துக் காட்டிய ஜோசி

ஞாயிற்றுக்கிழமை காலை வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜோசியின் கணவர் அந்துவான். "கமலா, ஜோசி போய்ட்டா. ஆறு மணிக்கு." அவ்வளவுதான் சொன்னார். வஞ்சிரத்தை நறுக்கிக்கொண்டிருந்த மீன்கார அம்மா, "என்னாச்சும்மா?" என்று கேட்டார்.

நம் கல்லூரி இயற்பியல் துறையில் ஜோசியும் நானும் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் இருந்தோம். இந்த அஞ்சலியில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு வரவில்லை, மன்னியுங்கள்.

ஜோசி சொல்தா வீட்டுப் பெண், அதாவது புதுச்சேரியின் பிரெஞ்சுப் பட்டாளக் குடும்பம். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன்மார் பாரிசுக்குப் போனார்கள். அவள் ரெட்டியார்பாளையத்திலேயே இருந்துவிட்டாள். "அங்க போனா நான் எங்கயோ ஒரு மூலையில இருப்பேன். இங்க எனக்கு ஒரு மிஷின் இருக்கு" என்பாள். மிஷின் என்றால் பழைய எக்ஸ்ரே குழாய், சுழலும் மேடை, ஒரு கம்ப்யூட்டர்.

பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தால் கிடைப்பவை வெறும் நிழல்கள். அவற்றிலிருந்து உள்ளே இருப்பதைப் படமாக மீட்பது அவள் வேலை. முதலில் ஒரு வெற்றுப் படத்தை வைத்துக்கொள்வாள். அது என்ன நிழல் தரும் என்று கணக்கிட்டு, அளந்த நிழலோடு ஒப்பிடுவாள். வித்தியாசத்தை எக்ஸ்ரே கதிர் போன வழியிலுள்ள படத்தின் சிறு கட்டங்களுக்குப் பங்கிட்டுத் திருத்துவாள். பிறகு மறுபடியும், சுற்றுச் சுற்றாக.

வெளியூர்க் குழு ஒன்று எங்கள் வேலையைப் பார்க்க வந்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சோதனைக்கு ஒரு முழு ரொட்டியை வைத்திருந்தோம். பதினைந்தாவது சுற்றில் நிறுத்தச் சொல்லியிருந்தாள் ஜோசி. படம் மங்கலாக இருக்கிறதே என்று அவளுக்குத் தெரியாமல் நான் இருநூறு சுற்று ஓட்டினேன். விளிம்புகள் கூர்மையாயின. கூடவே நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை. "ரொட்டிக்குள்ள இருக்குற ஓட்டை வரைக்கும் தெரியுதே!" என்று குழுவினர் வியந்தார்கள். ஜோசி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தியை எடுத்து, அதே இடத்தில் ரொட்டியை அறுத்தாள். ஓட்டை இல்லை.

"அளவெடுக்கறப்ப சேர்ந்த பிசிறு இது. ரொம்ப சுத்து ஓட்டினா அதுவும் உண்மை மாதிரி தெரியும். எங்க தப்பு" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு வராந்தாவில், "நாளைக்கு இதே எடத்துல ஒரு ஆளோட நெஞ்சு இருக்கும் கமலா. அறுத்துப் பாக்க முடியாது" என்றாள். நான் அழுதேன். அவள் அந்த ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

போன ஆண்டு இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நுரையீரலில் ஒரு திட்டு. "ஜோசி, இது பிசிறா இருக்கும்டி" என்றேன். இரண்டு மாதம் கழித்து எடுத்த படத்திலும் அது இருந்தது. அப்போதும் நான் விடவில்லை. மேடை நகர்ந்திருக்கும், மூச்சு விட்டிருப்பாய், வேறு ஆஸ்பத்திரியில் எடுப்போம் என்று அடுக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பிசிறுன்னா எடம் மாறும், கமலா. இது மாறல."

அதன்பிறகு அவள் விடுப்பில் வீட்டோடு இருந்தாள்; மூன்று வாரம் நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. போனால் மறுபடி வாதாடுவேன் என்று பயம். இந்தப் பயத்தை அந்துவானிடம்கூட நான் சொன்னதில்லை.

கடைசியில் ஒரு பிற்பகல் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ஒண்ணும் சொல்லாத. ஒக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்தபடி தூங்கினாள். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இன்னும் போகலையா?" என்றாள்.

"போகல."

"ம்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் எழுதிய கட்டுரைகள் எல்லோருக்கும் கிடைக்கும். மிஷின் துறையில் இருக்கிறது. அந்த 'ம்' மட்டும் என்னிடம் இருக்கிறது.